எனவே காயல் உருவாகாது

ஏப்ரல் மூன்றாம் வாரம், வேலூர்.
கத்திரிக்கு இன்னும் நாளிருக்கிறது என்பதை
கூடத்தின் மின்விசிறிகள் நம்பவில்லை.
காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து.
பெயரைக் கிழித்து எடுத்துவிட்ட தாள்கள்,
தலையில் ஒரு டம்மி எண் மட்டும்.

ஒன்பதரையிலிருந்து கடலுக்கு மதிப்பெண் போடுகிறேன்.
கடல் ஓங்கலுக்கு அரை.
அலை அரிமேடைக்கு அரை.
கடல் தூண் படத்துக்கு ஒன்று.
தூண் என்றதும் எல்லாப் பிள்ளைகளும்
கோயில் தூணையே வரைகிறார்கள்,
ஒருத்தன் யாளிகூட வைத்திருக்கிறான்.
அதற்கும் ஒன்று.

பதினேழாவது தாள்.
கேள்வி: காயல் எவ்வாறு உருவாகிறது?

'காயல் உருவாக மணல் திட்டு வேண்டும்.
மணல் திட்டு உருவாக மணல் வேண்டும்.
மணலை ஆறு கொண்டு வரும்.
எங்கள் ஆறு பாலாறு.
அதன் மணல் இரவு இரண்டு மணிக்கு மேல்
எங்கள் தெரு வழியாக லாரியில் போகிறது.
ஒருநாள் பதினொன்று வரை எண்ணினேன்,
பிறகு தூங்கிவிட்டேன்.
எனவே காயல் உருவாகாது.'

எனவே என்பதன் கீழ்
ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

பக்கத்து நாற்காலிக்கு நீட்டினேன்.
மேல்விஷாரம் நூருன்னிசா டீச்சர்
சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்தினார்.
'ஆத்துப் பேரை எழுதியிருக்கு, அடையாளம் ஆயிடாதா?'
எத்திராஜுலு சார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
'பாலாறு எத்தினி ஊரு போவுது, எவன்னு கண்டுபிடிப்ப?
குறிப்புல இருந்தா போடு. இல்லாட்டி வுடு.'

குறிப்பில்
அலை உண்டு, படிதல் உண்டு,
ஆழமற்ற நீர் உண்டு.
லாரி இல்லை.

வெளிமாவட்டத் தாள்கள்தான் இங்கே வரும்.
மேலே வாணியம்பாடியா, கீழே வாலாஜாபாத்தா,
எந்தத் தெருவில் விழித்துக் கிடந்தது இந்தப் பிள்ளை?

நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
பி.எட். சுற்றுலாவில், வாயலூர்த் தாண்டி,
ஆறு கடலில் சேரும் இடம்.
அரைப் பனை அகலத்தில் ஒரு மணல் வரம்பு.
இடக்கால் கழியில், வெதுவெதுப்பு.
வலக்கால் கடலில், சில்லிப்பு.
ஒரு உள்ளான் எங்களுக்கு முன்னால்
ஓடி ஓடி நின்றது.
கழிப்பக்கம் மடவைக் குஞ்சுகள்
ஊசிப் பொதியைக் கொட்டினாற்போல.
அந்த வரம்பு
எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வந்தது என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை,
எனக்கும் தோன்றவில்லை.

வீடு கட்டியபோது ஐந்து லோடு.
ரசீது இல்லை, இரவில் வந்தது.
சல்லடையில் மிஞ்சிய நத்தை ஓடுகளை
என் சின்னவன் டப்பாவில் சேர்த்தான்.
சலித்தும் தப்பிய ஒன்று
பின்சுவர்ப் பூச்சில் இன்னும் இருக்கிறது,
காலண்டருக்குக் கீழே, வாய் வெளியே தெரிய.
கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததை
வழியில் மறித்து நான்கு சுவராக்கி
மாதம் பதினான்காயிரம் கட்டுகிறோம்.

இரண்டு போட்டேன்.
முழுசாக, வட்டமிட்டு.
கூட்டலைச் சரிபார்ப்பவர்கள்
கூட்டலைத்தான் பார்ப்பார்கள்.

மாலையில் பஸ் பாலாற்றுப் பாலத்தில் நின்றது,
முன்னால் ஏதோ பழுது.
கீழே சீமைக் கருவேலம், பிளாஸ்டிக்,
தோண்டிப் போட்ட பள்ளங்கள்.
ஒன்றில் பச்சையாய்த் தண்ணீர்,
அதற்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவில்
எடுக்காமல் விட்ட மணல் ஒரு முழம்.
மணல் திட்டால் பிரிக்கப்பட்ட
ஆழமற்ற நீர்நிலை.
விடைக்குறிப்பின்படி
இதற்கும் இரண்டு மதிப்பெண்.

'கழிஞ்சூர் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்டேன்.
இருபது வருஷமாகக் கேட்கிற டிக்கெட்.
ஊர்ப் பேரில் கழி இருப்பது
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.
நடத்துநர் சில்லறை இல்லை என்றார்.