பாத்திரம் கழுவியில் வால்வு மூடி

நாம்சோஸ் ஊரில் ஜனவரி.
பத்து மணிக்கு வந்து
இரண்டரைக்கே செருப்பைத் தேடும் பகல்.
கராஜுக்குள் யோர்டிஸின் சூரியன்
ஒரு குழல் விளக்கு,
அதற்கும் கண் துடிக்கிறது.

பானெட் திறந்து கிடக்கிறது
அறுபத்தாறாம் வருடத்து வால்வோ,
பல் மருத்துவர் டீ குடிக்கப் போன பிறகும்
வாயை மூடத் தெரியாத நோயாளியாக.
மேசையில் அதன் அலுமினியச் சாமான்கள்:
வால்வு மூடி, இன்டேக் குழாய்,
தெர்மோஸ்டாட்டின் சின்னத் தொப்பி.
எல்லாம் வெளிறி, புள்ளி விழுந்து.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பனிச் சாலைக்கு உப்பிட்ட நகராட்சியை
இந்த வண்டி
அடித்தகடு உள்ளளவும் நினைக்கும்.

இருநூற்றிருபது தாள். நானூறு. எண்ணூறு.
தண்ணீர் தொட்டு ஆயிரத்தைந்நூறு.
முந்தைய தாளின் கீறலை அழிக்கத்தான்
ஒவ்வொரு தாளும் தன் கீறலைப் போடுகிறது.
ஒரு படி தாண்டியவளை
கடைசிப் பளபளப்பு காட்டிக்கொடுக்கும்.
பிறகு துணிச் சக்கரம்,
பழுப்புக் கட்டி, வெள்ளைக் கட்டி.
வெள்ளிபோல் மின்னுவது
கையில் விடுவதென்னவோ கரி.
பத்தாவது சாயங்காலம்
மூடிக்குள் அவள் முகம் வந்தது,
கூடவே குழல் விளக்கும்
மூக்கின் மேல் ஒரு கறுப்புத் தீற்றலும்.
லாக்கர் நாளைக்கு என்று
தூங்கப் போனாள்.

மாடியறையில் ஸ்வெய்னுங்,
அக்காள் வேண்டாமென்ற கணவன்.
இரண்டு இரவு என்று வந்து மூன்று வாரம்.
வாடகை கேட்காத வீட்டில்
கால் வைக்கிற இடமெல்லாம் கடன்.
பனி அள்ளினான், பால் வாங்கினான்,
யாரும் சொல்லாமலே கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான்.
அன்று விடியுமுன்
மூடியின் இடுக்கில் வெள்ளைக் கட்டியின் மிச்சம் கண்டு
அதைத் தட்டுகளோடு சேர்த்துப்
பாத்திரம் கழுவியில் வைத்தான்.
சோப்பு வில்லை. எழுபது டிகிரி.
இரண்டு மணி நேரம்.

கதவு திறக்க ஆவி பறந்தது.
தட்டுகள் சிரித்தன.
நடுவே ஈயச் சாம்பல் நிறத்தில் அது.
நீறு பூத்த நெருப்பு என்று சொல்லவும் வழியில்லை;
நெருப்பு, கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு
மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

கத்தவில்லை அவள்.
கத்தியிருந்தால் அவனுக்கு வசதி,
பையைக் கட்டியிருப்பான்.
"அலுமினியத்துக்குக் காரம் ஆகாது" என்றாள்,
மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல்.
பிறகு இருநூற்றிருபது தாளை
அவன் பக்கம் தள்ளினாள்.

பிப்ரவரி முழுக்கத் தேய்த்தான்.
நகக்கண் கறுத்தது, தோள் இறங்கியது.
ஒரு நாள் கேட்டான்:
எதைப் பூசினால் நிற்கும்?
லாக்கர் சூட்டில் மஞ்சளித்து உரியும்.
மெழுகு நாலு ஓட்டத்தில் போய்விடும்.
"ஒன்றுமே பூசாவிட்டால்?"
"காற்று பட்ட கணமே தானாக ஒரு தோல் போர்த்திக்கொள்ளும்.
கண்ணுக்குத் தெரியாது.
கொஞ்சம் மங்கும், ஆனால் மேற்கொண்டு அரிக்க விடாது.
உப்பைத் தவிர."
அவன் ஜன்னலைப் பார்த்தான்.
தெருவெல்லாம் உப்பு. தெருமுனையில் கடல்.
"ரொம்ப நல்ல ஊர்தான் பார்த்திருக்கிறது" என்றான்.
அவள் சிரித்தது
முதலில் அவனுக்கு இருமல்போல் கேட்டது.

மெழுகுதான் பூசினார்கள்,
போகப் போகப் பூசிக்கொள்ளலாமென்று.
ஏப்ரலில் ஸ்வெய்னுங் துறைமுகத்துப் பக்கம்
அறை பார்த்துப் போய்விட்டான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான்,
தன் துணியைத் தானே கொண்டுவருகிறான்.

வால்வு மூடியில்
ஒரு போல்ட் குழிக்குள் மட்டும்
அந்தச் சாம்பல் இன்னும் இருக்கிறது.
சக்கரம் நுழையாது, விரல் நுழையாது.
காது குடையும் பஞ்சுக்குச்சி நுழையும்.
ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறாள் யோர்டிஸ்,
பிரிக்கவில்லை.