காற்று நான்கு நொட்

"சம்பவ தினம் காற்று எவ்வளவு?"
நான்கு நொட், ஐயா.
கோட்டைக் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
"பின்னே படகு எப்படிப் பிரளும்?"
மின்விசிறி என் பக்கம் திரும்பியது,
விடைக்குக் காத்திராமல்
எழுதுவினைஞர் பக்கம் போய்விட்டது.

பத்திநாதர் முன்னமே சொல்லியிருந்தார்:
வலை விட்டம்.
மிதவை தெக்கால போகுது, ஈயம் வடக்கால போகுது.
இழுத்தா, பிழிஞ்ச சாரம் மாதிரி வருகுது.
துசியந்தன் பார்த்திட்டுச் சிரிச்சான்.
அதுக்குப் பிறகுதான் மூண்டு அலை.
மூண்டாவதுக்கு முன்னால
கடலில ஒரு குழி.

எழுதுவினைஞர்
'மூன்று அலை' என்பதிலிருந்து எழுதத் தொடங்கினார்.

கொட்டியாரக் குடாவின் வாய்க்குள்ளேயே
பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது.
நங்கூரக் கயிறு முடிந்த பிறகும் கடல் முடிவதில்லை.
அந்த ஆழத்தில் அலைக்குத் தரை தெரியாது,
ஆனால் அலைக்குக் கால் உண்டு.
சின்ன அலைக்குச் சின்னக் கால்,
முழங்காலளவு நீரை மட்டும் அறியும்.
வங்கக் கடலின் மறுகரையில் செத்த புயல்
அனுப்பிவைத்த முந்நூறு மீற்றர் அலையோ
முப்பது மீற்றர் கீழேயும் துழாவும்.

அன்று மேல்நீர் தெற்கே போனது.
சிற்றலைகள் அதன் தோளில் ஏறிச் சும்மா போயின.
அதனால்தான் கடல் எண்ணெய் தடவினதுபோல்.
அடிநீர் வடக்கே.
தெற்கே வந்த நெடிய அலைகள்
இருட்டில் அதை மிதித்தன.
நீளம் குறுகியது.
குறுகக் குறுக எழும்பியது.

இதுவரை கூட்டல் கழித்தல்தான்.
இதற்குமேல் கணக்கு நேர்கோட்டில் நடப்பதில்லை.
உயர்ந்த அலை, உயர்ந்த காரணத்துக்காகவே வேகமெடுக்கும்;
முன்னால் போவதிடமும் பின்னால் வருவதிடமும்
கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்று வாங்கும்.
திருப்பிக் கொடுக்கும், கொடுக்காமல் விடுவதில்லை,
ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்
எல்லாருடைய பங்கும் ஒரே முதுகில்.

சில அடியோட்டம் இந்தக் கொடுக்கல்வாங்கலை
முளையிலேயே நிறுத்திவிடும்.
சிலது ஊதிவிடும்.
அன்றையது எது என்று மூன்று இரவு கணக்குப் பார்த்தேன்.
கடைசியில் எல்லாம் ஒரு குறியில் வந்து நின்றது,
கூட்டலா கழித்தலா.
அதை நான் இரண்டு தரம் பிழையாகப் போட்டேன்.

இவ்வளவையும் சொல்லவில்லை.
கீழே தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடியது, ஐயா, என்றேன்.
"மேலே நிற்கிறவருக்குத் தெரியுமா?"
தெரியாது.

படிவத்தில் நான்கு பெட்டி:
காற்று. மழை. இயந்திரக் கோளாறு. கவனயீனம்.
பேனா நான்காவதன்மேல் நின்றது.
காப்புறுதிக்காரர் வாசலில் நின்றார்.
துசியந்தனின் மனைவி
சாட்சிக் கூண்டின் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்,
ஒரு இடத்தில் மட்டும் பெயின்ற் போய்விட்டது.

ஐந்தாவதாக ஒரு பெட்டி கீறலாமா என்று கேட்டேன்.
அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
மேசையில் அடிமட்டம் தேடினார்.
கிடைக்கவில்லை.
தவணை போட்டார்.

வெளியே, மதிலோரம் ஒரு மான்
பொலித்தீன் பையைத் தின்றுகொண்டிருந்தது.
பத்திநாதர் என் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார்.
ஆழமும் வேகமும், ஒரே கோடு:
மேலே இடப்பக்கம் தொடங்கி
பதினைந்தில் நடுவைக் கடந்து
முப்பதில் வலப்பக்கம் வயிறு தள்ளியது.
தலைப்பை வாசிக்கவில்லை.
மேலே விரலை வைத்தார்,
மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்,
வளைவு வந்த இடத்தில் விரல் நின்றது.

"இப்பிடித்தான் தண்ணிக்குள்ள நிண்டது.
எங்கட வலையை
நீங்க எப்ப கண்டனீங்க?"