வாய் அச்சு

மைனஸ் பதினொன்று.
கார்வினா கல்லறைத் தோட்டத்தில்
ஊதுவாயைக் கக்கத்தில் இடுக்கி
முட்டைக்கு அடை கிடக்கிறவள் மாதிரி நிற்கிறேன்.
குளிர்ந்த வெள்ளி உதட்டைப் பிடித்தால்
தோலைக் கேட்கும்.
பக்கத்தில் ஸ்பினியெக்
வால்வு எண்ணெயில் சாராயம் கலந்து விடுகிறான், உறையாமல் இருக்க.
டிரம்பெட்டுக்கு நாலு சொட்டு,
மிச்சம் அவனுக்கு.

அவனிடம் பதினேழு ஊதுவாய்கள்.
ஆழமானது, தட்டையானது, விளிம்பு அகன்றது,
போன கிறிஸ்துமசுக்குத் தங்க முலாம் பூசியது.
ஒவ்வொன்று வரும்போதும்
மேல் ஸ்தாயி கைக்கு வந்துவிட்டது என்பான்.
மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும்.
எனக்கு முப்பத்தொன்பது வருடமாக ஒன்றுதான்.
விசுவாசமெல்லாம் இல்லை,
கடித்த செருப்பு கடிப்பதை நிறுத்திவிட்டது.

இதய மருத்துவர், என் மகள் வயது,
கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"அந்த மேல் 'சி'யை விட்டுவிடுங்கள்.
அதை ஊதும்போது ரத்த அழுத்தம் எங்கே போகிறது தெரியுமா?"
தெரியும்,
கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சிகள் பறக்கிற இடத்துக்கு.
மாத்திரை எழுதினாள்.
மாத்திரை வாயை உலர்த்துகிறது.
உலர்ந்த உதடு அதிராது, சும்மா கிழிந்த காகிதம்.
நெஞ்சுக்கு மருந்து கிடைத்தது,
எச்சிலுக்கு யாரிடம் போவது?

பெட்டிக்குள் இருப்பவர் க்வாபில், பல் மருத்துவர்.
பத்தொன்பதில் கடைவாய்ப் பல் வலியோடு போனேன்.
நாற்காலி அருகே வாத்தியப் பெட்டியைப் பார்த்தவர்
வலியை விட்டுவிட்டு
வாய் நிறைய ரோஸ் நிறப் பசையைத் திணித்தார்.
குமட்டியது.
"முன்பல் உடைந்தால்
யாரோ செய்கிற பல்லோடு
நீ யாரோ ஆகிவிடுவாய். இது இருக்கட்டும்."
சாந்தில் வார்த்த என் பற்கள்
ஒரு ஷூ பெட்டிக்குள் போயின.
கடைவாய்ப் பல்லை அடுத்த வாரம்தான் கவனித்தார்.

நாற்பத்தொன்றில், டிராம் படியில் பனி.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சொல் இருந்தது, நிறையக் கெட்ட சொல்லாகவே இருந்தது.
போனது நடு 'ஜி'.
மூன்று மாலை, அளவுகோலோடு அவர் குனிந்திருந்தார்.
தேய்ப்பார், "ஊது" என்பார்.
வெளியே காத்திருந்த ஒரு கிழவர்
முறை வருமுன்பே ஓடிப்போனார்.
நாலாவது முறை சுரம்
தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தது.
"சரியா?" என்று கேட்டார்.
உண்மையாகவே கேட்டார்.
அந்த மனிதருக்கு இரண்டு சுரங்களுக்கு வித்தியாசம் தெரியாது,
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று தெரியும்.

இப்போது என் முறை.
ஸ்பினியெக் முழங்கையால் இடிக்கிறான்.
மேல் 'சி' வருகிற இடத்தில்
மூச்சை எடுத்தேன், வைத்திருந்தேன்,
கீழ் 'சி'யை ஊதினேன்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
படுத்திருந்தவருக்கு
எப்போதும் தெரிந்ததில்லை.

சூப்புக்குப் பிறகு அவர் மனைவி
கம்பளிக் கையுறையோடு அந்தப் பெட்டியை நீட்டினாள்.
"உங்கள் பெயர் எழுதியிருக்கிறது.
எனக்குப் பயமாக இருக்கிறது, எடுத்துப் போங்கள்."

இரவு, தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்.
டிரம்பெட்டின் குடலுக்குள் பிரஷ்ஷை விட்டு இழுத்தேன்,
பச்சையாக ஏதோ வந்தது.
பிறகு சாந்துப் பற்களை மேஜையில் வைத்து
ஊதுவாயை அவற்றின்மேல் பொருத்தினேன்.
கச்சிதம்.
என் வாயில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தால்
கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறேன்.
ஈறு இறங்கியிருக்கிறது.
இத்தனை வருடம் காதுக்குத் தெரியாமல்
உதடு ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

விளிம்பில் வெள்ளைத் தூள்.
கழுவவில்லை.
அப்படியே உதட்டில் வைத்தேன்.
சுண்ணாம்பு பட்டதும்
நாக்கின் அடியில், பல நாளுக்குப் பிறகு,
எச்சில் ஊறியது.

ஒரே ஒரு 'ஜி'. நீளமாக.
கீழ்வீட்டு ஹலினா
வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டினாள்:
மணி பத்து.