குத்தூசி

பயின்னௌங் சந்தைக் கிடங்கில்
பகலெல்லாம் எனக்கு உளுந்தைக் குத்துகிற வேலை.
மூட்டையின் விலாவில் குத்தூசி இறக்கி
ஒரு கைப்பிடி உருவித்
தகரத் தட்டில் பரப்பினால்
விற்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.
கல், சொத்தை, சுருங்கல், முறிவு, பிற தானியம்.
நூறில் எத்தனை என்று எழுதுவேன்.
என் மைத்துனன் சரக்கானாலும் எழுதுவேன்.
டீ வாங்கிக் கொடுத்தால்
டீயைக் குடித்துவிட்டு எழுதுவேன்.

ஆடி வெள்ளிகளில் மட்டும் நான் பாடகன்.
அடையாள அட்டையில் அவுங் மின்,
அறிவிப்பாளர் வாயில் கணீர்க்குரல் குழந்தைவேல்.
கோயில் முன்னே நீலத் தார்ப்பாய்,
அதன்மேல் ரங்கூன் மழை.
இரண்டாம் வெள்ளியும் நன்றாகவே கைதட்டினார்கள்.
கமிட்டித் தலைவர் சால்வை போட்டு
பிரமாதம் என்றார்.
போன வருடம் மைக்கே வேலை செய்யாதபோதும்
இதே பிரமாதம், இதே நிறச் சால்வை.

கம்பி சுருட்டிக்கொண்டிருந்த தெட் நைங்தான்
வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னான்.
தமிழ் தெரியாது அவனுக்கு.
பன்னிரண்டு வருடமாய் எங்கள் பாட்டுக்கு எக்கோ வைக்கிறவன்.
"அண்ணே, மேலே போகிற இடத்தில்
நீங்கள் கண்ணை மூடுவீர்கள்.
மூடினதும் எக்கோவை ஏற்றிவிடுவேன்.
ஒவ்வொரு தடவையும்."
குறையாகச் சொல்லவில்லை.
மழை வந்தால் குடை விரிப்பேன் என்பதுபோலச் சொன்னான்.

சைக்காவில் வீடு வரும்வரை அவனைத் திட்டினேன்.
பாஷை தெரியாதவனுக்கு பக்தி எங்கே தெரியும் என்றேன்.
சைக்காக்காரர் மிதித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் கரண்ட் இல்லை.
மகள் போனில் பதிந்திருந்தாள்,
பதினெட்டு சதவீதம் சார்ஜ்.
நடுவில் ஜெனரேட்டர் மாற்றிய ஏழு விநாடி.
பெட்டிகள் எல்லாம் செத்து
என் குரல் மட்டும் மழைக்குள் நிற்கிறது
துண்டில்லாமல் குளித்து வந்தவன்போல.
அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.
பிறகு முதலிலிருந்து.

தட்டில் பரப்பினேன்.
தாயே என்ற நெடிலில் கல்.
ழகரம் வருகிற இடமெல்லாம் சுருங்கல்.
மூச்சு தீர்ந்த இடத்தை
உருக்கம் என்று விற்றிருக்கிறேன்,
எத்தனை வருடமாய், நல்ல விலைக்கு.
அம்பாளைப் பார்க்க மூடிய கண் இல்லை அது.
எட்டாத ஸ்வரத்தோடு
கண்ணோடு கண் படாமலிருக்க மூடியது.

நல்ல மணியும் கிடந்தது, பொய் சொல்லக் கூடாது.
கீழ்ஸ்தாயியில் அலட்சியமாய்க் கடந்துபோன ஒரு வரி
எண்ணெய் தடவியது மாதிரி கறுப்பாய் உருண்டது.
அதை நான் பாடியதாகவே நினைவில்லை.

நூறில் எத்தனை?
சொந்தச் சரக்கென்றதும் பென்சில் நின்றுவிட்டது.
எனக்கே நான் டீ வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன்.
பதினேழு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
இருபத்து மூன்று.
போன் அணைந்தது.

மூன்றாம் வெள்ளி
சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொன்னேன்.
கீபோர்டு பிச்சைமுத்து
காய்ச்சலா என்று கேட்டான்.
தெட் நைங்கிடம் ஏற்றாதே என்றேன்.
"நிச்சயமாகவா?"
"நிச்சயமில்லை. ஏற்றாதே."

கைதட்டல் குறைவு. சால்வை அதே நிறம்.
ஓரிடத்தில் குரல் உடைந்தது,
உடைந்தபடியே கடைசி நாற்காலி வரை போனது.
கண் திறந்திருந்ததால் ஆட்கள் தெரிந்தார்கள்.
செருப்பு தேடுகிற ஒருவர்.
கூடவே வாயசைத்து
என்னை முந்திப் போய்விட்ட ஓர் அம்மாள்
(தாளத்தில் அவர்தான் சரி).
நான்காம் வரிசையில்
கொட்டாவிக்கு வாய் திறந்த ஒரு பெண்.

அவளைப் பார்த்தே சரணத்தைப் பாடினேன்.
கொட்டாவி பாதியில் நின்றதா,
முழுதாய் முடிந்துதான் வாய் மூடியதா,
தெரியவில்லை.
இன்னும் ஒரு வெள்ளி இருக்கிறது.