நாலே முக்கால் அடி

தீர்ப்பு வந்த பதினோராம் நாள்
என் பாகத்தின் மேற்கோரம் குழி எடுத்தேன்.
மணிக்கு ஆயிரத்து நானூறு வாங்கும் பொக்லைன்காரன்
புதையலாங்கக்கா என்றான்.
பார்க்கலாம் என்றேன்.

முத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு மைல்.
கோர்ட்டுத் தாளில் இரண்டு ஏக்கர் அறுபத்தேழு சென்ட்.
மேற்கே அண்ணன் சென்னியப்பன் தென்னந்தோப்பு,
வடக்கே கீழ்பவானியின் கடைசிக் கொப்பு வாய்க்கால்,
தண்ணீர் வந்தால் வாய்க்கால்.
நாலு பக்கமும் சங்கிலி பிடித்த கமிஷனர் வக்கீல்
கீழே எதுவரை என்று எழுதவில்லை.

வேளாண்மை ஆபீஸ் நஸ்ரின்
துப்பட்டாவை இடுப்பில் முடிந்து
ஏணி கேட்காமல் குதித்தாள்.
வெயில் படும் சுவரைக் கத்தியால்
நுங்கு சீவுவது போலச் சீவி
டேப்பைத் தொங்கவிட்டு
மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

முதல் ஒரு சாண் செம்மண், மணல் தூக்கல்.
கோரைக் கிழங்கு, எறும்பு போன வழி,
யூரியாச் சாக்கின் ஒரு இழை.
ஈரம் காட்டி உருட்டினால் உருண்டை நிற்கிறது,
கயிறாகத் திரித்தால் அறுந்துபோகிறது.

அடுத்து நாலு விரல் கனம்.
கத்தி இறங்கவில்லை.
"இது சாமி போட்டதில்லைங்கக்கா, டிராக்டர் போட்டது."
முப்பது வருசம் ஒரே ஆழத்தில்
தட்டித் தட்டி மெழுகிய தரை.
அதுவரை வந்த வேர்கள்
பஸ்ஸைத் தவறவிட்ட சனம் போலப்
பக்கவாட்டில் திரும்பியிருந்தன.

அப்புறம் இரண்டு சாண் கருஞ்சிவப்பு.
உடைத்தால் மூலை மூலையாக உடைகிறது,
முகத்தில் மெழுகு தேய்த்த மினுக்கம்.
ஈரத்தைப் பிடித்துவைப்பது இதுதான் என்றாள்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இரும்பு.
கோர்ட்டு வராந்தாவில் ஆறு வருசம் குடித்த
பைப்புத் தண்ணீர்.

மூன்றடியில் வெள்ளை.
முதலில் சுண்டைக்காய், பிறகு எலுமிச்சை,
பிறகு ஒட்டிக்கொண்டு ஒரே பாளம்.
குப்பி திறந்து இரண்டு சொட்டு விட்டாள்,
கோலி சோடா போலப் பொங்கியது.
'பொட்டப்புள்ளைக்குச் சுக்கான்காடு போதும்'
பஞ்சாயத்தில் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.
ஆழம் மட்டும் தெரியாமல்.

நாலே முக்கால் அடியில் வெங்கச்சங்கல்,
பொக்லைன் பல் கிறீச்சிட்டு நின்ற இடம்.
அதற்குச் சற்று மேலே, வெள்ளைக்கு நடுவே
விரல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு.
வெள்வேலமரத்து வேர், செத்து மட்கியது.
என் கல்யாணப் பந்திக்கு அடுப்பெரித்த மரமாக இருக்கலாம்.
வேறு மரமாகவும் இருக்கலாம்.
அந்த வழியில் மட்டும்
தொட்டால் ஈரம்.

நஸ்ரின் தந்த தாளில் இப்படி:
தென்னை வேண்டாம்.
உளிக்கலப்பை ஒரே தடவை, ஒன்றரை அடி,
சுக்கானைக் கிளறி மேலே கொண்டுவர வேண்டாம்.
ஆவணித் தூறலுக்குக் கொளுஞ்சி, பூவெடுத்ததும் மடக்கி உழவும்.
சரிவுக்குக் குறுக்கே வரப்பு.
நூறு ஆடு, பத்து ராத்திரி கிடை.
கடைசி ஒரு ஏக்கரில் ஏர் வேண்டாம்,
கொழுக்கட்டைப்புல்லுக்கு விடவும்.
பேனா நின்று, உதறி, மறுபடி:
துத்தநாகம் பத்துக் கிலோ.

பொழுதோடு அண்ணன் வந்தான்.
கிளுவை வேலிக்கு அந்தப்பக்கமே நின்றான்.
பேசி நாலு வருசம்.
வெள்ளைப் பாளம் வேலிக்கடியில் புகுந்து
சர்வே நெம்பர் பார்க்காமல்
அவன் தோப்புக்குள் போகிறது.
அந்த வரிசையில்தான் குருத்தெல்லாம் மஞ்சள்.
லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"எத்தனையடியில புள்ள?"
என்னைக் கேட்டானோ குழியைக் கேட்டானோ.
"மூணு. அங்க இன்னும் மேல வரும்."

மூடிடட்டுமாங்கக்கா என்றான் பொக்லைன்காரன்.
நாளைக்கு என்றேன்.
மூடும்போது கலக்காதே, வெள்ளை அடியில் போகணும்,
செம்மண் மேலே வரணும் என்றேன்.
அவன் வாடகைக் கணக்குப் பார்த்தான்.

இருட்டுவதற்குள்
தொண்டுப்பட்டியில் கிடந்த ஏணியைத் தூக்கிவந்து
குழிக்குள் இறக்கினேன்,
மேற்குப் பக்கமாக.