ஐம்பது அடி

முறைப்பாட்டில் கையெழுத்து என்னுடையதுதான்.
பின்வளவில் மகளுக்கு வீடு கட்டுகிறாள் லோசனி,
மலக்குழி என் கிணற்றுக்குக் கிட்ட என்று
சபைக்கு எழுதிக் கொடுத்தேன், மூன்று பிரதி.

செவ்வாய்க்கிழமை சபைப் பெடியன் வந்தான்.
ஹெல்மெற்றைக் கதியாலில் கொழுவிவிட்டு
அளவுநாடாவின் நுனியை என்னிடம் தந்தான்:
"கிணத்துக்கட்டில வச்சு அமத்துங்கோ அன்ரி."
நாடா வேலிப் பொட்டுக்குள்ளால் போனது.
போன மாரி வெள்ளத்துக்கு
அந்தப் பொட்டால்தான் அவள் சோத்துப் பார்சல் நீட்டினவள்.

நாற்பத்தொன்று.
எழுதிக்கொண்டான்.

பிறகு, கேட்காமலே,
என் கக்கூஸ் குழியிலிருந்தும் அளந்தான்.
முப்பத்தாறு.
வீட்டுத்திட்டக்காரர் காட்டின இடம் என்றேன்.
அதையும் எழுதினான்.

எல்லைக்கல் எங்கே?
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை காட்டினோம்,
வேறு வேறு பக்கம்.
மீளக்குடியேறின அன்று இங்கே கல்லுமில்லை வேலியுமில்லை,
கண்ணிவெடிக்காரர் விட்டுப்போன
சிவப்புத்தலைக் குச்சிகள்தான்.
அதைப் பார்த்துத்தான் கயிறு பிடித்தோம்,
ஒரு முனை அவள், மறுமுனை நான்.

லோசனி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
இரண்டு கப்.
ஒன்றை அவன் குடித்தான்.
மற்றது பொட்டடியில் ஆறிக்கொண்டிருந்தது.

நாடாவின் நுனியை
நான் இன்னும் விடவில்லை.