இரண்டு விரற்கடை

மூன்று மனுவுக்கும் ஒரே நீல முத்திரை.
நாலாவதை எழுத உட்கார்ந்தபோது
சகாயமேரி சொன்னாள்:
"பேனாவை வை. மண்வெட்டியை எடு."

ஓட்டேரியில் இரவு ஒன்றரை மணி.
ஜல்லி எங்கிருந்து வந்ததென்று
எவரும் கேட்கவில்லை.
அபிபுல்லா தார் காய்ச்சினார்.
கொத்தனார் தணிகைவேல் கொட்டி இழுத்துவிட்டுப்
புறங்கையால் தொட்டுப் பார்த்தார்,
காய்ச்சல் பார்ப்பதைப் போல.
வெள்ளைக் கோடு என் பொறுப்பு.
பள்ளிக்கூட கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்,
அதனால் கொஞ்சம் நீலம் ஓடிய வெள்ளை.

ஐந்தரைக்கு முதல் தண்ணீர் லாரி.
ஏழு பேரும் டீக்கடை ஓரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
பிரேக் கிறீச்சிட்டது.
ஏறி, இறங்கி,
ஒரு குடம் தண்ணீரைத் தளும்பவிட்டு
ஊர்ந்து போனது லாரி.
கையில் கிளாஸ் இருப்பதை மறந்து
தணிகைவேல் கைதட்டப் போனார்.
சகாயமேரி மட்டும்
மின்பெட்டியின் மேல்
இன்னும் யாரும் எடுக்காத
அந்த ஒற்றைச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்
நிறைமாத ரெஜினாவை ஏற்றிய ஆட்டோ
அதே மேட்டில் தூக்கிப் போட்டது.
"எவன்டா போட்டது இதை?"
ஏழு வாயும் மூடியிருந்தன.
அன்று ராத்திரியே கடப்பாறையோடு போய்
இரண்டு விரற்கடை செதுக்கினோம்.
லாரி மதிக்க வேண்டும்,
வயிறு குலுங்கக் கூடாது.
அந்த உயரத்தைச் சொல்லித்தர
எந்த இன்ஜினியரும் வரவில்லை;
ஒரு பெண்ணின் அலறல்தான் அளவுகோல்.

ரெஜினாவுக்குப் பெண் குழந்தை.

இப்போது நாலாவது மனு எழுதுகிறேன்.
பொருள்: எரியாத தெருவிளக்கு.
சகாயமேரி
ஏணி இருக்கிறதா என்று
வீடு வீடாக விசாரிக்கிறாளாம்.